கீழைவாயிலில் பிடித்து வைத்த மீன்வண்டி

நலம் பெருகுக. மழை பொய்யாத முகில்மலை நாட்டை நாரைக்கொடி நிழலில் வைத்துக் காக்கும் கோ வானவண்ணப் பெருமானின் திருவுளப்படி, மந்திர ஓலைநாயகம் தாழைக்குடி உடையான் செங்கோடன் எழுதுவித்த ஓலை. கீழைவாயில் தலைவரும், மின்வண்டி அன்பர் அவையின் முதல்வரும், இந்நகரில் மிக அதிகமாகப் பளபளக்கும் வண்டிக்கு உரியவருமான வேளான் ஏறுமாநாடர் கண்டுகொள்க. தங்கள் கோட்டையும் கொத்தளமும் வாழ்க, இல்லத்தார் வாழ்க, தங்கள் வண்டியின் மேனியில் ஒரு கீறலும் விழாதிருக்க.

மதகுப் பொறியில் பிறக்கும் மின்னை வண்டிகளுக்கு ஊட்டும் மண்டபம் எம் வீட்டுச் சாளரத்துக்கு நேர் எதிரே இருப்பது தாங்கள் அறிந்ததே. சாளரம் காற்றுக்காகத் திறந்திருக்கிறது. காற்றோடு பேச்சும் வந்து சேர்ந்தால் யாம் என் செய்வோம்? தத்தம் வண்டி மின் உண்ணும் வரை அன்பர்கள் அங்கே அமர்ந்து பேசுவதெல்லாம் எமக்கு மனப்பாடம். இழுக்க மாடு வேண்டாமையால், மாடு நின்ற இடத்தில் முன்புறம் கிடைத்த பெட்டியே இவ்வண்டியின் பெரும்பேறு என்பார் ஒருவர். அதில் அவர் வைத்திருப்பது ஒரு குடையும் வெற்றிலைச் செல்லமும். கோடரி முகம் போன்ற வடிவமே அழகு என்று தாங்கள் சொல்ல, கவிழ்த்த மரக்கால் போல இருக்கிறதென்று தாங்கள் போன பின் மற்றவர் சொல்வர். ஒரே ஊட்டில் துறைமுகம் போய்த் திரும்பலாம் என்று சாதிக்கும் வெண்காடர், நெல் ஏற்றிய அன்று இரண்டு எருமைகள் இழுக்க வந்ததை இத்தெருவே பார்த்தது. பின்தட்டைப் பற்றி இவ்வளவு பேசும் அவையில், பின்தட்டில் ஒரு பூசணிக்காயேனும் ஏற்றியவர் அரியர். இவை எதுவும் குற்றமன்று. வாங்கிய வண்டியைத் துடைத்துக்கொண்டே இருப்பது அவரவர் இன்பம்.

ஆயினும், அவ்வவையில் தாங்கள் வகுத்த வண்டி இலக்கணத்தை வாயிலின் சட்டமாகவும் ஆக்கினீர் என்று கேள்வியுற்றோம். நால்வர் அமரும் அறை வேண்டும், பின்தட்டு மூன்று முழம் தாண்டலாகாது, மேனி முகம் பார்க்கும்படி மின்ன வேண்டும், இல்லையேல் கோட்டைக்குள் இடமில்லை என்பது அச்சட்டம். சங்கேறித் துறையின் மீன் முழுவதையும் விடியலில் வாரிக்கொண்டு வெயில் ஏறுமுன் அங்காடி சேர்ப்பவள் கயற்கொடி. அவள் தன் வண்டியின் பின்னிருக்கையைப் பிடுங்கி எறிந்து, பனம்பலகை கூட்டித் தட்டை ஆறு முழமாக்கி, உப்புக்காற்று அரிக்காதிருக்க மேனியெங்கும் கீல் பூசியிருந்தாள். தங்கள் காவலர் அதைப் பிடித்துச் சங்கிலியிட்டனர். அன்றைய மீன் வாயிலிலேயே அழுகியது; அந்த வாடையும் எம் சாளரம் வழியே வந்தது.

அது முதல் துறையின் மீனெல்லாம் கருவாடாகிறது. அரண்மனை மடைப்பள்ளியிலும் அதுவே குழம்பு. இந்நிலை நீடித்தால் பக்கத்து நாட்டுத் துறைக்கே படகுகளோடு குடிபெயர்வோம் என்று சங்கேறியார் பேசத் தொடங்கியதைப் பெருமான் சிறிதாக எண்ணவில்லை.

கயற்கொடி மண்டபத்துக்கே வந்து முறையிட்டதையும் கேட்டோம். தட்டை நீட்டியதால் கூரையிலிருந்து வால் வரை இறங்கும் கோடு கெட்டது என்றும், இலக்கணம் பொருந்திய வேறு வண்டி கொள்வதே தகும் என்றும் தாங்கள் பொறுமையாக எடுத்துரைத்தீர். அவள் சொன்ன மறுமொழி இவ்வோலையில் நிற்க வேண்டுமெனப் பெருமான் விரும்பியதால் சொல் மாறாமல் எழுதுகிறோம்: “உங்க வண்டி அழகுதான் தலைவரே, நான் இல்லைங்கலே. நாலு பேரு உட்காரலாம். என் மீனு உட்காராதுங்க, படுக்கணும்.” அவையில் சிரிக்காதவர் தாங்கள் ஒருவரே. வெண்காடர் இருமுவது போலச் சிரித்தார்.

ஈரக் கூடை ஏற்றினால் மின் பாதி வழியிலேயே பாதியாகிறது என்றும், பேச வந்தவர்களின் வண்டிகளுக்குப் பின்னே காத்துக் கிடப்பதில் மீன் கெடுகிறது என்றும் அவள் கூறியதற்கு அன்று எவரும் விடையளிக்கவில்லை. விடை இதோ.

வண்டி இலக்கணம் அன்பர் அவையின் அழகுப் போட்டிக்கு மட்டும் உரியது, வாயிலுக்கு உரியதன்று. சுமை ஏற்றிய வண்டிக்கே மண்டபத்தில் முதல் ஊட்டு. கயற்கொடியின் வண்டியை இன்றே சங்கிலி நீக்கி அவளிடம் ஒப்புவிக்க. ஆனால் இத்தனை நாள் ஊட்டின்றிக் கிடந்ததால் அதன் மின்கலங்கள் உயிரற்றுப் போயின என்றும், புதியன அமைக்கும் வரை அது நகராது என்றும் கம்மியர் சொல்கின்றனர். ஆகவே அது எழும் வரை சங்கேறி மீனைத் தங்கள் வண்டியே சுமக்க, தாங்களே ஓட்டுக. மூன்று முழத் தட்டில் அடங்காத கூடைகளை நால்வர் அமரும் அறையில் ஏற்றுக.

அதன் பின், பின்தட்டின் நீளம் குறித்துத் தங்கள் கருத்தை விரிவாக எழுதி அனுப்புக. பெருமான் வாசிக்கக் காத்திருக்கிறார்.

நாரை இலச்சினை இட்டோம். இவ்வாணைக்கு மறு ஆணை இல்லை. இருக்கைகளின் மேல் வாழைச்சருகு விரித்துக்கொள்ளத் தடையில்லை.