கணு இல்லாத கோரை

யசோ,

நீ பொய் எழுதினாய். அலவத்துகொடவில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் சதுப்பில் வெறும் புல்தான் வளர்கிறது என்ற அறிக்கையில் கையொப்பமிட்டாய். அந்தத் தாளைக் காட்டித்தான் கல்யாண மண்டபம் கட்ட மண் கொட்டி நிரப்பினார்கள்.

அது கோரை என்று உனக்குத் தெரியும்; கோரை நிற்கும் சதுப்பை நிரப்ப அனுமதி கிடைக்காது என்பதும் தெரியும். பேராதனையில் படித்த காலத்தில் இதே சேற்றில் நின்று எனக்குக் காட்டியவளே நீதான். "புல்லுன்னா கணு இருக்கும். இதுக்கு முழங்காலே இல்லடி, யாரு முன்னாடியும் மண்டி போடாது" என்று சிரித்தாய்.

இப்போது மழைத் தண்ணீர் போக இடமில்லாமல் வீட்டுக்குள் வருகிறது. மூன்றாவது தடவையோடு வாப்பாவும் உம்மாவும் மாத்தளையில் சாச்சி வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் கட்டிலில் கால்களை மடக்கி உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தவளைச் சத்தம்கூட இல்லை.

உன் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது, தெரியும். என் அழைப்புகளை நீ ஏன் எடுப்பதில்லை என்பதும் தெரியும்.

மண்மேட்டின் ஓரத்தில் எஞ்சியிருந்த ஒரு தண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். அடியிலிருந்து நுனிவரை விரலால் தடவிப் பார். பிறகு எனக்கு எழுது, கணு எங்கே இருக்கிறது?

உன் பழைய கூட்டாளி