பெருசு வராத கோடை

நேற்று மும்பைக்கு அனுப்பிய மல்லியில் பாதி ஏறாமல் திரும்பி வந்துவிட்டது. பெரிய விமானம் போக வேண்டிய நேரத்தில் சின்னதை விட்டிருக்கிறார்கள். காலையில் திண்டிவனம் கடையின் ஷட்டரைத் தூக்கியதுமே வாடை அடித்தது. மலர்ந்த மல்லியின் வாசம் இல்லை அது. மூடிய பெட்டிக்குள் வெந்து, தண்ணீர் விட்டு, பழுப்பேறிய மல்லியின் வாடை. கணக்கு எழுதுகிறவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் அங்கேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். நீ செத்து இத்தனை வருஷத்துக்குப் பிறகு உனக்கு ஒரு கடுதாசி எழுத வேண்டும் என்று தோன்றியது.

நமக்குள் ஏர்பஸ் பெருசு, போயிங் சிறுசு. பெரிய வீட்டுப் பெண்ணைப் பற்றி விசாரிப்பதுபோல் தினமும் டிரங்க் காலில் கேட்பாய்: "இன்னாய்யா, நாளைக்குப் பெருசு வருதா?"

எண்பதுகளின் தொடக்கம் அது. விழுப்புரத்தில் உனக்கு லாரி புக்கிங் ஆபீஸ். திண்டிவனத்தில் எனக்குப் பூ கமிஷன் கடை. கூடை தூக்கி மேலே வந்தவன் நான், எந்தப் பேச்சையும் லாபத்தில் கொண்டுபோய் முடிப்பேன். நீ அப்படி இல்லை. வண்டி என்றால் உனக்குக் கண் மின்னும். பம்பாயில் மாதுங்காப் பக்கம் நம் ஆட்கள் மல்லிக்கு ஏங்குகிறார்கள் என்று யாரோ சொல்ல, "ரயில்ல போனா ரெண்டு நாள், பூ செத்துடும். பிளேன்ல போட்டா சாயங்காலம் அங்க பொம்பளைங்க தலையில இருக்கும்யா" என்று நீதான் ஆரம்பித்தாய். விடியுமுன் மொட்டைப் பறித்து, வெயில் ஏறுவதற்குள் மீனம்பாக்கத்தில் சேர்த்தால், மதிய விமானம் கொண்டுபோய்விடும். மொட்டு மாலையில் விரியும். அது எந்த ஊரில் விரிகிறது என்பதில்தான் நம் பிழைப்பு இருந்தது.

முதல் கோடை நன்றாகவே போயிற்று. பெருசின் வயிற்றுக்குள் நம் பெட்டிகள் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அடுத்த வருஷம் தை பிறந்ததும் சுமை ஏற்றுகிறவர் ஒருவர், அந்த விமானம் வேறு ரூட்டுக்குப் போகலாம் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அன்றைக்கே உன்னிடம் ஓடி வந்து சொன்னேன். நீ சிரித்தாய்.

கூட்டேரிப்பட்டு ஜங்ஷன் டீக்கடையில் நின்றுகொண்டு நீ சொன்ன கணக்கு இன்னும் காதில் இருக்கிறது. "பாரம் இருக்கிற எடத்துக்குத்தான் பெரிய வண்டி போவும். என் ஆபீஸ்ல அரை லோடு சொன்னவனுக்கு டெம்போ, முழு லோடு சொன்னவனுக்கு லாரி. நாம பூவைக் கூட்டிக்கினே போனா அவன் எப்படிப் பெருசை எடுப்பான்? எடுக்க மாட்டான்யா."

லாரி ஏற்றுகிற எவனும் அப்படித்தான் நினைப்பான். எனக்கும் சரி என்றே பட்டது. ஆகவே ஒலக்கூர்ப் பக்கம் கொல்லை கொல்லையாகப் போனோம். மல்லாட்டைக் கடலை போட்டிருந்தவர்களையும் கேப்பை போட்டிருந்தவர்களையும் மல்லிக்குத் திருப்பினோம். அஞ்சலையை அங்கேதான் பார்த்தோம். ஊரார் நிலத்தில் கூலிக்குக் குனிந்தே பாதி ஆயுசைக் கழித்து, புருஷனும் அவளுமாகச் சேர்த்த பணத்தில் அரைக் காணி வாங்கியிருந்தாள். அதில் கேப்பை முழங்கால் உயரம் நின்றது.

"அண்ணா, இது எங்க ஊட்டுச் சோறு. பூவைத் துன்ன முடியுமா?" என்றாள்.

"பூவை விக்கலாம், சோறு வாங்கலாம்" என்றாய்.

"விக்கலன்னா?"

"நான் இருக்கேன்ல?"

அவள் உன்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ இருக்கிற. பிளேனு இருக்குமா?"

உன் சிரிப்பில் அவள் புருஷனும் சேர்ந்துகொண்டான். அவள் சிரிக்கவில்லை. கேப்பையை அறுத்த கையோடு மல்லி நட்டார்கள்.

மல்லி பூவைக் காட்ட ஒரு வருஷத்துக்கு மேல் பிடிக்கும். அந்த ஒரு வருஷமும் எனக்கு ஒரு மாதிரியாகவே இருந்தது. மீனம்பாக்கம் போகும்போதெல்லாம் சரக்குக் கொட்டகையை விட்டுவிட்டு, பயணிகள் இறங்கி வருகிற வாசலில் போய் நிற்பேன். வியாபாரிக்குக் கூட்டத்தை எடை போடத் தெரியும். பெரிய விமானம் வந்து நிற்கும், அதிலிருந்து இறங்குகிற ஆட்களைப் பார்த்தால் பெரிய கல்யாண மண்டபத்தில் நாலு பேரை வைத்து வளைகாப்பு நடத்தியதுபோல் இருக்கும். உன்னிடம் சொன்னேன். "ஆள எண்ணாத, பெட்டிய எண்ணு" என்றாய்.

அஞ்சலையின் செடி முதல் மொட்டு விட்ட பங்குனியில், விமானக் கம்பெனியின் மேல் உத்தியோகஸ்தர் ஒருவரைப் பார்க்கலாம் என்று உன்னை இழுத்துக்கொண்டு போனேன். நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, மோர் வரவழைத்தார்.

"சார், நாங்க போன வருஷத்தவிட மூணு பங்கு சரக்கு தர்றோம்" என்றாய். "பெருசு நம்ம ரூட்லயே இருக்கும்ல?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "உங்க பூவுக்காக நாங்க பிளேன் ஓட்டலீங்க. சீட்டுக்கு ஓட்டறோம். பெரிய பிளேன் கையில கொஞ்சம்தான் இருக்கு. அதுல ஒண்ணு ஒர்க் ஷாப்புக்குப் போனா, இருக்கிறதை எந்த ஊருக்கு ஜனம் ரொம்புதோ அங்க விடுவாங்க. டெல்லிக்கும் பம்பாய்க்கும் நடுவுல ஆபீசருங்க சீட்டுக்கு அடிச்சிக்கிறாங்க. இங்க பாதி சீட்டு காலி. காலி சீட்டைத் தூக்கிக்கினு பறந்தா எண்ணெய்க் காசுகூடத் தேறாது. பூ வந்தா மேல வர்ற வரும்படி. வரலன்னா எங்களுக்கு நஷ்டம் இல்ல."

"சின்னது வந்தா எங்க பூ?"

"அடியில இடம் கம்மி. மொதல்ல பாசஞ்சர் பெட்டி, அப்புறம் தபால், மிச்சம் இருந்தா நீங்க. அதுவும் சித்திரை வெயில்ல மத்தியானம் காத்து லேசாயிடும். பிளேன் தூக்கவே சிரமப்படும், பாரத்தைக் குறைப்போம். குறைக்கிறதுன்னா பாசஞ்சரை இறக்க முடியுங்களா?"

நமக்குப் பூ கொட்டுவதும் சித்திரையில்தான். நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ மோர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாய். வெளியே வந்ததும், "ஆளு ஏறலன்னா டிரிப்பை கட் பண்ற டவுன் பஸ்தான்யா இது. ரெக்கை வச்சிருக்கு, அவ்ளோதான்" என்றேன். திண்டிவனம் நெருங்கும்போது, "இன்னும் நாலு கொல்லை சேத்துப் பாப்போம்யா" என்றாய். அந்தப் பேச்சுதான் என்னை விமானத்தைவிட அதிகம் பயமுறுத்தியது.

சித்திரை பிறந்தது. முதலில் வாரத்தில் ஒரு நாள் சிறுசு வந்தது. பிறகு ஒன்று விட்டு ஒரு நாள். பெட்டிகள் கொட்டகையில் அடுக்கப்பட்டு அப்படியே நிற்கும். தகரக் கூரை சூட்டைக் கக்கும். பகல் சாயும்போது உள்ளே மொட்டுகள் விரியத் தொடங்கும், அதைக் கேட்க முடியாது, வாசம் மட்டும் ஏறிக்கொண்டே வரும். சுமைக்காரர்கள், "இன்னா வாசம்பா, கோயில் மாதிரி" என்பார்கள். எனக்கோ பிணத்துக்குப் போட்ட மாலை ஞாபகம் வரும். கொல்லைகளில் மட்டும் யாருக்கும் எதுவும் தெரியாது. விடிவதற்கு முன்னால் பெண்கள் முந்தானையைக் கட்டிக்கொண்டு பறித்துக்கொண்டே இருந்தார்கள்.

"சொல்லிடலாம்யா" என்றேன்.

"பெருசு திரும்பி வந்துடும். அதுக்குள்ள சொல்லிப் பேஜாராக்கிக்கினு..."

"வராது. ஆளு இல்ல."

ஆனி கடந்தும் அது வரவில்லை. பிறகு ஒரு நாள் நீயாகவே வந்து, "வண்டிய எடு, ஒலக்கூர் போலாம்" என்றாய். உன் சட்டையில் அந்த வெந்த மல்லியின் வாடை அடித்தது.

நீ அதற்குப் பிறகு அதிகம் வருஷம் இருக்கவில்லை. மார்வலி என்றார்கள், விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. திருவாமாத்தூர்க் கோயிலில் உனக்காக ஒரு விளக்கு ஏற்றினேன், எனக்கு அதில் பழக்கம் இல்லாவிட்டாலும். நீ போனபின் நம் வியாபாரத்தில் மாறாதவை சொற்பம். ஊருக்கு ஒரு விமானக் கம்பெனி வந்துவிட்டது. எல்லோரும் இன்னும் சீட்டைப் பார்த்தே விமானத்தை விடுகிறார்கள். கடையில் எனக்குக் கீழே இருக்கிற பிள்ளைகள், "கொல்லைக்காரங்ககிட்ட நாம மட்டும் ஏன் சார் இப்படி ஒரு பேச்சு வச்சிருக்கோம்? வேற கமிஷன் கடைல யாரும் இப்படி வாங்கறதில்லையே" என்று கேட்கிறார்கள். அன்றைக்கு அஞ்சலையின் கொல்லையில் பேசியதுதான் என்று அவர்களிடம் சொல்வதில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

நாம் ஒலக்கூர் போய்ச் சேர்ந்த அன்றைக்குப் பொழுது சாயும் நேரம். கொல்லைக்காரர்கள் வரப்பில் நின்றார்கள். நீ ஒன்றையும் மறைக்கவில்லை. பெருசு போனதையும், நம் கணக்கு தப்பானதையும், சரக்கு கொட்டகையில் வெந்ததையும் சொன்னாய். ஒருவர், "செடியப் புடுங்கிப் போட்டுட்டு மல்லாட்டையே போடறோம்" என்று மண்வெட்டியை எடுத்தார். அவ்வளவும் கையை விட்டுப் போகிற இடம் அது. அஞ்சலைதான் அவரை நிறுத்தினாள்.

"இன்னாண்ணா, அழுவறதுக்கா வந்த? நாங்க இன்னும் அழுவல" என்றாள் உன்னிடம். "புடுங்கினா ஒரு வருசம் போச்சு. புடுங்க வேணாம். நான் ஒண்ணு சொல்றேன், அதுக்கு ஒத்துக்கினா நாளைக்கும் பறிக்கிறோம்."

நான் பேரம் பேச வாயைத் திறந்தேன். நீ என் கையை அழுத்தினாய்.

"சொல்லு" என்றாய்.

"எந்த பிளேனு வருதுன்னு மொத நாளு வெளக்கு வைக்கிறதுக்குள்ள வந்து சொல்லிடணும். சின்னதுன்னா மெட்ராஸ் மார்க்கெட்டுக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோதான் பறிப்போம், மிச்சம் செடியிலயே மலரட்டும், அது எங்க நஷ்டம். சொல்லாம போயிட்டா முழுசாப் பறிப்போம், முழு வெல குடுத்துடணும். பூ செடியில இருக்கிற வரைக்கும் எங்களுது. கை வச்சிட்டா உங்களுது. அப்புறம் அது பறந்தாலும் சரி, கொட்டாயில வெந்தாலும் சரி."

"சரி" என்றாய் நீ.