யூட்டின் இரண்டு பிறந்தநாள்கள்

ஷாஃப்ஹவுசன்
17 மே 2015

அன்புத் தங்கை பெர்னடெற்றுக்கு,

மன்னார் வெயிலிலும் நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நானும் உங்கள் மகன் யூட்டும் நலம். இந்தக் கடிதத்தை, ஊருக்கு வரும் அட்லிஸ்வில் யோகராஜா உங்கள் கையில் தருவார். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் பாதியில் நீங்கள் கோபப்பட்டால் மீதியைச் சொல்லாமல் விட்டுவிடுவேன். தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

முதலில் யூட்டின் செய்தி. ரைன்ஊஃபர் உதைபந்தாட்டக் கழகத்துடன் அவன் செய்த மூன்று வருட ஒப்பந்தம் ஜூன் 30ஆம் திகதி முடிகிறது. வருடத்துக்கு வருடம் ஏறிய ஒப்பந்தம் அது. முதல் வருடம் தொண்ணூறாயிரம் சுவிஸ் பிராங், இந்த வருடம் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம். கழகத்தின் இருபத்திரண்டு வீரர்களுடைய சம்பளமும் சேர்ந்து வருடத்துக்குப் பதினைந்து இலட்சத்தைத் தாண்டக்கூடாது. இது நாட்டுச் சட்டம் அல்ல. ஒருமுறை விளையாடும் உரிமத்தையே இழக்கப் பார்த்த கழகம் தனக்குத் தானே கட்டிக்கொண்ட வேலி. அதற்குள் பத்தில் ஒரு பங்கை மூத்த வீரன் ஒருவனே எடுத்துக்கொண்டால் இளையவர்களை எங்கே வைப்பது?

யூட்டுக்கு அது தெரியும். சம்பளத்தைப் பாதியாக்குங்கோ, ஆனா ரெண்டு வருசம் தாங்கோ என்று அவனே போய்க் கேட்டான். பயிற்றுநர் டிப்ளோமாவுக்கு இரண்டு வருடம் வேண்டும். ஒப்பந்தத்தில் இருப்பவனைத்தான் கழகம் படிப்பிக்கும். அது கிடைத்தால் ஆட்டத்தை விட்ட பிறகும் அவனுக்கு மைதானத்தில் வேலை இருக்கும். கிடைக்காவிட்டால் அடுத்த வருடமே அவன் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கழகத் தலைவர் ஹெர் பொலிங்கருக்கும் விருப்பம்தான். குறுக்கே நிற்பது ஒரு விதி. சில வருடங்களுக்கு முன் முப்பத்தாறு வயது முன்கள வீரர் ஒருவருக்கு மூன்று வருடம் எழுதிக்கொடுத்தார்கள். இடையில் எப்படியும் ஓய்வு பெறுவார், அப்போது அவருடைய சம்பளம் உச்சவரம்புக் கணக்கிலிருந்து விழுந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். அவரும் முதல் இலையுதிர்காலத்திலேயே முதுகு போய் நின்றுவிட்டார். கணக்கிலிருந்து பெயர் விழுந்தது. ஆனால் காயத்தில் நின்றவருக்குக் கொடுக்காமல் விட முடியாது. தாளில் வேலி நின்றது, ஆடு வெளியே மேய்ந்தது. அதன் பிறகு விதி எழுதினார்கள்: ஒப்பந்தம் தொடங்கும் நாளில் ஒருவருக்கு முப்பத்தைந்து வயது நிரம்பியிருந்தால், அவர் ஆடினாலும் ஓய்ந்தாலும், முழுக் காலத்துச் சம்பளமும் வரம்புக்குள்ளேயே இருக்கும். இளையவர் ஓய்ந்தால் மட்டுமே அந்த இடம் காலியாகும். நல்ல விதி. அதைப் பாராட்டி இங்கே வரும் நமது தமிழ் மாத இதழில் அரைப்பக்கம் எழுதியவனே நான்தான்.

கடவுச்சீட்டின்படி யூட் பிறந்தது 1980 ஜனவரி முதலாம் திகதி. ஆகவே அவனுக்கு முப்பத்தைந்து முடிந்துவிட்டது. இரண்டாவது வருடம் அவன் முழங்கால் போய் நின்றுவிட்டால், ஆளில்லாத அந்த எழுபதாயிரத்தைக் கழகம் சுமக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் தர முடியாது என்கிறது நிர்வாகம். ஆனால் அவன் பிறந்தது அந்த வருடம் நவம்பர் 19 என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஜூலை முதலாம் திகதி அவனுக்கு முப்பத்துநான்கு வயதும் ஏழு மாதமும்தான்.

இனி, முப்பது வருடமாக நான் சொல்லாதது.

1985 ஜனவரியில், டாவோஸ் ஹோட்டலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த உங்கள் கணவரிடம் நீங்கள் பிள்ளையோடு வந்து சேர்ந்தீர்கள். உங்கள் அகதி விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளனாக வந்தவன் நான். யாழ்ப்பாணத்தில் பத்திரிகை நிருபராக இருந்தவன் என்பதால் என்னை நம்பினார்கள். என் ஜெர்மன் மொழிக்கு அப்போது பதினான்கு மாத வயது. பிள்ளை பிறந்த திகதியைக் கேட்டேன். நீங்கள் ஒரே மூச்சில், எண்பதாம் ஆண்டு, நவம்பர் பத்தொன்பது, ஞானஸ்நானம் குடுத்தது புதுவருசத்தண்டு என்றீர்கள். நான் முதலில் கேட்ட ஆண்டையும் கடைசியில் கேட்ட நாளையும் சேர்த்து அதிகாரியிடம் சொன்னேன். அந்த நாட்களில் பாதி அகதிகளுக்கு ஜனவரி ஒன்றுதான் பிறந்தநாள். அவர் மறுகேள்வி கேட்கவில்லை.

அந்த அதிகாரி தன்பாட்டில் எழுதிவிட்டான் என்று நீங்கள் இருவரும் திட்டியபோது நானும் சேர்ந்து திட்டினேன். திருத்துவோமா என்று உங்கள் கணவர் கேட்டபோது, கடதாசியைத் தொட்டால் விசாவுக்கு வில்லங்கம் என்று சொன்னதும் நான்தான். ஒவ்வொரு நவம்பரிலும் உங்கள் வீட்டில் கேக்கும் சாப்பிட்டேன். அந்தத் திகதியால் அவனைப் பள்ளியில் ஒரு வருடம் முன்னதாகவே சேர்த்தார்கள். இரண்டாம் வகுப்பில் மறுபடியும் இருத்தினார்கள். பிள்ளை மந்தமோ அண்ணை என்று நீங்கள் என்னிடமே வந்து அழுதீர்கள். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும்.

யூட்டிடம் போன ஞாயிறு சொல்லிவிட்டேன். சப்பாத்துக் கயிற்றை முடிந்துகொண்டிருந்தான். பிறகு, அப்ப நான் மொக்கன் இல்லை மாமா, பத்து மாசம் சின்னவன், அவ்வளவுதான் என்றான். சிரித்தான். எனக்குச் சிரிக்க முடியவில்லை.

சட்டத்தரணி அக்‌ஷயாவைப் பார்த்தேன். மொழிபெயர்த்தவர் தன்ர பிழை எண்டு கையெழுத்து வைச்சால் யூட் அண்ணைக்கு ஒரு பிரச்சினையும் வராது, ஆனா உங்கட பேர் பைலில கிடக்கும் என்றாள். கிடக்கட்டும் என்றேன். சிவில் பதிவகம் திருத்தி முடிக்கப் பல மாதம் எடுக்கும். ஆனால் விண்ணப்பத்தை ஏற்ற முத்திரை இருந்தால் போதும் என்று ஹெர் பொலிங்கர் வாக்குத் தந்திருக்கிறார். நிர்வாகக் கூட்டம் ஜூன் 25.

எனவே நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். பங்குத் தந்தையிடம் போய் ஞானஸ்நானப் பதிவின் பிரதியை முத்திரையுடன் எடுத்து யோகராஜாவிடம் கொடுங்கள். அவர் ஜூன் 12 திரும்புகிறார். பிள்ளைக்காகச் செய்யுங்கள். எனக்காகக் கேட்க எனக்கு முகமில்லை.

மாதா உங்களைக் காப்பாராக.

இப்படிக்கு,
கிளமென்ற்


ஷாஃப்ஹவுசன்
28 ஜூன் 2015

அன்புத் தங்கை பெர்னடெற்றுக்கு,

பதிவுப் பிரதி பத்திரமாகக் கிடைத்தது. பிறப்பு 19.11.1980, ஞானஸ்நானம் 1.1.1981. நீங்கள் அன்று சொன்னதில் ஓர் எழுத்தும் பிசகவில்லை. அதை ஜெர்மனில் மொழிபெயர்க்க நான் துணியவில்லை. அக்‌ஷயா வேறோர் ஆளைப் பிடித்தாள்.

வியாழக்கிழமை கூட்டத்துக்கு என்னையும் அழைத்தார்கள். பதிவகத்தின் முத்திரையையும் என் வாக்குமூலத்தையும் ஹெர் பொலிங்கர் இரண்டு தடவை வாசித்தார். ஹெர் கிளமென்ற், இவனைக் கிழவனாக்கினீர்கள், இப்போது இளைஞனாக்குகிறீர்கள், எனக்கும் ஒரு கடதாசி எழுதித் தர முடியுமா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு நிர்வாகி மட்டும் சிரிக்கவில்லை. இரண்டாவது வருடம் முழங்கால் போய்விட்டால், அந்த முன்கள வீரரைப்போல இவரும் வீட்டிலிருந்தபடி சம்பளம் வாங்குவாரா என்று யூட்டையே கேட்டார். என்னால ஓட முடியாட்டி நானே கையெழுத்து வைச்சு விலகுவன், அந்தக் காசில இளம் பிள்ளை ஒண்டை எடுங்கோ, எனக்குப் படிப்பு மட்டும் காணும் என்று யூட் சொன்னான். சொன்னதை அப்படியே ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னான். எழுதினார்கள். இரண்டு வருடம். கைகள் எல்லாம் உயர்ந்தன, கேள்வி கேட்டவருடையதும்.

வெளியே வந்ததும், இனி என்னைப் புதுவருசப் பிள்ளை எண்டு கூப்பிட ஏலாது என்று சக வீரர்களிடம் பெருமையடித்தான். டிப்ளோமா வகுப்பு ஓகஸ்டில் தொடங்குகிறது. அவனைப் பற்றி இனிக் கவலை வேண்டாம்.

மாத இதழின் அடுத்த இதழில், அன்று நான் பிழையாக மொழிபெயர்த்த திகதிக்கு ஒரு திருத்தம் போடுகிறேன். நாற்பது வருடத்தில் எத்தனையோ திருத்தம் எழுதியிருக்கிறேன். இதற்கு மூன்று வரிதான் வந்தது, மூன்று நாள் எடுத்தது.

நவம்பர் 19 வியாழக்கிழமை. இதுவரை வீட்டுக்குள் கொண்டாடியதை இந்தமுறை கழக மண்டபத்தில் வைக்கப்போவதாக யூட் சொல்கிறான். உங்களுக்கு விமானச்சீட்டு எடுக்கிறான். மறுக்காதீர்கள்.

இன்னொன்று. நீங்கள் அனுப்பிய உறைக்குள் பதிவுப் பிரதி மட்டும்தான் இருந்தது. உதறியும் பார்த்தேன். யோகராஜா புறப்படும் அவசரத்தில் எழுத நேரம் இருந்திருக்காது. அடுத்த தடவை ஒரு வரி எழுதுங்கள், தங்கச்சி. திட்டி எழுதினாலும் சரி. அதை நான் யாருக்கும் மொழிபெயர்க்க மாட்டேன்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
கிளமென்ற் அண்ணை