பெட்டிகள் போன வீடு

22 ஆகஸ்ட் 2022

ராத்திரி மணி பன்னிரண்டே கால். இந்த நேரத்துக்கு எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்கணும். யாரிடம் கேட்கிறேன்? கல்யாணத்துக்குப் பரிசாக வந்த இந்த நோட்டிடம்தான். தினமும் எழுதுவேன் என்று முதல் பக்கத்தில் கையெழுத்தெல்லாம் போட்டேன். மூன்று மாதத்தில் இதுதான் முதல் பதிவு.

வீட்டில் ஒரே அறை. அதில் பாதி என் கணவர் செழியனுடையது. பகலில் மொபைல் கடை வேலை, முகூர்த்த நாளில் மண்டபத்தில் டிஜே. மண்டபத்து ஸ்பீக்கர் பெட்டிகள் வாடகைக்கு வரும். வீட்டில் பழக இருப்பது ஒரு பழைய லேப்டாப், பாட்டு கேட்கும் ஹோம் தியேட்டர். அவ்வளவுதான். மவுஸை வைத்தே ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டுக்குத் தாவுகிறார்.

நாங்கள் இருப்பது ஆசிரமத்துக்குப் பின் தெரு. மாடியில் தியானத்துக்கு வந்தவர்கள். இன்று வீட்டுக்காரர் கோதண்டராமன் வந்துவிட்டார். "தம்பி, மேல இருக்கறவங்க ஒரு வாரமா யார்கிட்டயும் பேசல. மௌனமாம். உங்க டமடம மட்டும் மேல ஏறிப் போய் அவங்ககிட்ட பேசிட்டு வருது."

"கம்மி பண்ணிக்கிறேன் சார்."

இப்போது ஹெட்போன் மாட்டிக்கொண்டு தலையை ஆட்டுகிறார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. உதட்டசைவைப் பார்த்தே என்ன பாட்டு என்று சொல்லிவிடுவேன்.

11 டிசம்பர் 2022

டிஜே கன்ட்ரோலர் வந்துவிட்டது! யாரோ வாங்கி ஆறு மாதம் ஓட்டியதுதான், ஆனாலும் புதுசு மாதிரி இருக்கிறது. சுற்றுவதற்கு இரண்டு தட்டு, நடுவில் தள்ளும் கட்டை. வைக்க இடமில்லாமல் இஸ்திரி மேஜைமேல் இருக்கிறது. துணி தேய்ப்பது இனிமேல் தரையில்.

ஒயரெல்லாம் ஒரே கறுப்பு. எது இடது, எது வலது என்று தினம் தடவிக்கொண்டிருந்தார். என் நெயில் பாலிஷை எடுத்து இடதுக்குச் சிவப்பு, வலதுக்கு ரோஸ் வைத்தேன்.

"பி.எஸ்சி. மேத்ஸ் படிச்ச பொண்ணக் கட்டினதுக்கு இதான் லாபம்."

"மேத்ஸுக்கும் நெயில் பாலிஷுக்கும் என்னா சம்பந்தம்?"

"ரெண்டுமே எனக்குப் புரியாது."

3 ஜூன் 2023

கீழ்பென்னாத்தூருக்குக் குடி வந்தாயிற்று. ஊர்க் கோடி வீடு, பக்கத்தில் மல்லாட்டை வயல், கண்ணுக்கெட்டும் வரை வேர்க்கடலைச் செடி. மௌன விரதக்காரர் யாரும் இல்லை.

உள் அறை முழுக்க அவருக்கு. ஆசாரியை வைத்து ஒரு மேஜை, ஒயர் இறங்க இரண்டு ஓட்டையோடு. இரண்டு பக்கமும் சின்ன ஸ்பீக்கர், கீழே ஒரு பேஸ் பெட்டி. எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் பழைய ரஜாய்ப் போர்வை அடித்திருக்கிறார். மகன் அறையை அத்தை வந்து பார்த்தார்கள். "சாமி ரூம் மாதிரி பண்ணி வெச்சிருக்கான். கற்பூரம் காட்றதுதான் பாக்கி."

எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது. இன்னும் சொல்லவில்லை.

18 பிப்ரவரி 2024

ஓவியா பிறந்து இருபது நாள்.

"பாப்பாவுக்கு சத்தம் ஜாஸ்தியா இருக்குமா பிரியா?" நான் கேட்கவில்லை, அவராகவே கேட்டார். பிறகு வால்யூம் குமிழில் ஓரிடத்தில் என் நெயில் பாலிஷால் கோடு போட்டார். "இதத் தாண்ட மாட்டேன்." கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்பீக்கரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துத்தான் வாசிக்கிறார்.

அவள் அதிலேயே தூங்குகிறாள். நிறுத்தினால்தான் முழிக்கிறாள்.

9 மார்ச் 2025

நாலு சானல் கன்ட்ரோலர். புதுசின் குமிழிலும் அதே நெயில் பாலிஷ் கோடு போட்டுக்கொண்டார். பழையதைப் பிரசாத்துக்குக் கொடுத்துவிட்டார். மண்டபத்தில் கூட நிற்கும் சிநேகிதன். இடுப்புயரத்துக்கு ஒரு பெரிய பேஸ் பெட்டியும் வந்திருக்கிறது. நல்ல மண்டபங்களில் கூப்பிடுகிறார்கள், அதனால் வேண்டியிருக்கிறது என்கிறார். இருக்கட்டும். ஆனால் அவர் வாசிக்கும்போது தம்ளரில் தண்ணீர் நடுங்குகிறது. தண்ணீரே நடுங்கினால் ஒரு வயசுக் குழந்தையின் காது?

இரண்டு நாளாகத் தூங்காமல் மொபைலில் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க பயம்தான்.

தலைக்கு ஊற்றினால் குழந்தை காதில் பஞ்சு வைப்போமே, அதையே செய்தேன். தேங்காயெண்ணெயில் தொட்ட பஞ்சு. அவர் மேஜையில் உட்கார்ந்தால் வைப்பது, எழுந்தால் எடுப்பது. அவரிடம் சொல்லவில்லை. மனசு கஷ்டப்படுவார்.

26 ஏப்ரல் 2025

இரண்டு பஞ்சும் காணோம். விளையாடும்போது விழுந்திருக்கும். வேறு வைத்தேன்.

14 ஜூலை 2025

கூப்பிட்டால் திரும்பவில்லை.

15 ஜூலை 2025

இன்றும்தான். பின்னால் நின்று தட்டைத் தட்டினேன். ஓவியா பொம்மையின் முடியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். 'அம்மா' சொல்லிக்கொண்டிருந்தவள் அதையும் சொல்வதில்லை. "செழியனே மூணு வயசுலதாம்மா வாயத் தெறந்தான்," என்கிறார்கள் அத்தை. பேசுவதை யார் கேட்டது? கேட்கிறதா என்றுதானே கேட்கிறேன்!

2 ஆகஸ்ட் 2025

சொல்லிட்டேன். சொல்லக் கூடாததை எல்லாம் சொல்லிட்டேன்.

மண்டபத்திலிருந்து சந்தோஷமா வந்தாரு. பாப்பாவப் பின்னாலேருந்து கூப்டாரு. அவ திரும்பல. இன்னொரு வாட்டி கூப்டாரு. அப்ப எனக்கு என்ன ஆச்சோ — "உங்க பெட்டிதான் எம் பொண்ணச் செவிடாக்கிடுச்சு. ஊரையெல்லாம் ஆட வெக்கிறீங்க, பெத்த பொண்ணுக்கு உங்க கொரலே கேக்கல." இப்படித்தான் சொன்னேன். ஒரு எழுத்து மாத்தல.

"கோட்டைத் தாண்டலியே பிரியா." அவ்வளவுதான் சொன்னாரு.

டாக்டரிடம் காட்டவில்லை, டெஸ்ட் எடுக்கவில்லை. அதற்குள் தீர்ப்பு சொல்ல நான் யார்?

10 ஆகஸ்ட் 2025

எல்லாம் போய்விட்டது. விற்றுவிட்டார். கன்ட்ரோலர், ஸ்பீக்கர்கள், பெரிய பெட்டி, சுவரில் அடித்த ரஜாய்கூட. ஏற்ற வந்த பிரசாத் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நல்லா யோசிச்சியா மச்சான்?" என்று மட்டும் கேட்டான். இவர் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார், சிவப்பு தனி, ரோஸ் தனி.

இருங்க, டாக்டர் பார்த்த பிறகு முடிவு பண்ணலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது. அதைத்தான் எழுதக் கை கூசுகிறது.

1 செப்டம்பர் 2025

ஸ்ரீபெரும்புதூரில் அவருக்குக் கம்பெனி வேலை. ஷிப்ட். ஹாஸ்டல். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வருவாராம். மேஜைமேல் இப்போது மிக்ஸியும் பருப்பு டப்பாக்களும்.

19 செப்டம்பர் 2025

காது டாக்டரிடம் போனோம். அத்தை வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே நானும் ஓவியாவும்தான். டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். "ஏம்மா, இது என்ன?" சின்ன இடுக்கியை விட்டு இழுத்தார். கறுத்துப்போய், எண்ணெய் பிசுபிசுப்போடு, ஒரு பஞ்சு. அதற்குப் பின்னால் அழுக்குக் கட்டி. மற்ற காதிலும் அதே.

"யாரு வெச்சது?"

"நான்தான்."

"அடைச்சு வெச்சா யாருக்குத்தாங்க கேக்கும்? செவிப்பறை நல்லாத்தான் இருக்கு."

"டாக்டர், வீட்ல ஸ்பீக்கர் சத்தம்... அதனால—"

"இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. டெஸ்ட் எடுத்துடலாம், உங்க திருப்திக்கு."

டெஸ்டிலும் நார்மல். வெளியே ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. ஓவியா பயந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. சந்தோஷத்தில் மட்டும் இல்லை.

அத்தையிடம், "அழுக்கு சேந்திருந்துச்சு, எடுத்துட்டாங்க" என்றேன்.

20 செப்டம்பர் 2025

அவர் போன் பண்ணினார். காது நார்மல் என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுதிருப்பார். பிறகு, "பாத்தியா, ஒரு மாசம் சத்தம் இல்லாம இருந்ததும் சரியாயிடுச்சு. நீ சொன்னதுதான் கரெக்ட்டு பிரியா. நல்லவேளை வித்தேன்" என்றார்.

நான் "ம்" என்றேன்.

ஒரு 'ம்'.

5 அக்டோபர் 2025

வந்துவிட்டுப் போனார். சொல்லவில்லை. 'அப்பா' என்கிறாள் பாப்பா. அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். இந்த நேரத்தில் எதற்கு என்று நினைத்தேன். எந்த நேரமும் எனக்கு இந்த நேரமாகத்தான் இருக்கிறது.

2 நவம்பர் 2025

பிரசாத் வீட்டுக் காதுகுத்துக்கு வாசிக்கக் கூப்பிட்டார்கள். முடியாது என்றுவிட்டாராம். பிரசாத் என்னிடம் கேட்டான்: "அவனுக்கு என்னா ஆச்சு அண்ணி? பாட்டுன்னாலே எழுந்து போயிடறான்." தெரியல என்றேன். எத்தனை பேரிடம்தான் தெரியாது என்று சொல்வேன்?

30 நவம்பர் 2025

இன்று தேர். லீவு போட்டு வந்திருந்தார். மூன்று பேரும் டவுனுக்குப் போனோம். மாட வீதியில் கூட்டம். தேர் திரும்பும் முனையில் மேளம் வந்தது. அவர் தோள்மேல் இருந்த ஓவியா மேளத்துக்குச் சரியாக, ஒரு அடிகூடப் பிசகாமல், இரண்டு கையையும் தட்டினாள். யாரும் சொல்லித் தரவில்லை. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மா, "அடேயப்பா, என்னா தாளம் பாரு!" என்றார்கள்.

அவர் முகம் வெளுத்துப் போச்சு. சட்டென்று அவளை இறக்கி, இரண்டு கையாலும் அவள் காதைப் பொத்தி, கூட்டத்தை இடித்துக்கொண்டு சந்துக்குள் ஓடினார். பின்னாலேயே ஓடினேன். பாப்பா கத்துகிறாள், காதிலிருந்து அவர் கையைப் பிய்த்து எடுக்கப் பார்க்கிறாள். "வேணாம்டா தங்கம், வேணாம். அப்பா ஒரு தடவ பண்ண பாவம் போதும்."

பாவமாம். அவர் பண்ணின பாவமாம்.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

2 டிசம்பர் 2025

என்னங்க,

நேரில் சொல்ல மூன்று தடவை பார்த்தேன், முடியவில்லை. அதனால் இந்தப் பக்கம் உங்களுக்கு. போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

பாப்பாவுக்குக் காது கேட்காமல் போனது உங்கள் பெட்டியால் இல்லை. நீங்கள் வாசிக்கும்போதெல்லாம் நான் அவள் காதில் எண்ணெய்ப் பஞ்சு வைத்தேன். இரண்டு காதிலும் உள்ளே போய் மாட்டிக்கொண்டது. டாக்டரம்மா அதைத்தான் எடுத்தார். சத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று வாயால் சொன்னார். அது எனக்கு செப்டம்பர் பத்தொன்பதாம் தேதியிலிருந்தே தெரியும். எழுபத்தைந்து நாள் உங்களை அப்படியே நம்ப விட்டேன்.

நீங்க கோட்டத் தாண்டல. ஒரு நாளும் தாண்டல. தாண்டினது நான்தான்.

பெட்டியெல்லாம் எங்கே போச்சு என்று பிரசாத்திடம் கேட்டிருக்கிறேன். கிடைக்குமா தெரியாது. கிடைத்தாலும் நீங்கள் திரும்பத் தொடுவீர்களா, அதுவும் தெரியாது. அதைக் கேட்க எனக்கு வாயும் இல்லை. ஆனால் இனிமேல் பாப்பா காதைப் பொத்தாதீங்க. அவள் தாளம் போட்டால் போடட்டும்.

கம்பெனி வாசலிலேயே செல்லை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று தெரியும். காலையில் ஷிப்ட் முடிந்துதான் பார்ப்பீர்கள். திட்டணும்னா திட்டுங்க. பேசப் பிடிக்கலைன்னா, படிச்சிட்டேன்னு ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் போடுங்க.