இரண்டு ஆள் படகு

நடுக்கடலில் இருந்து,
காலை வேளை.

அன்புள்ள அக்காவுக்கு,

அக்கா என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கணவரின் முதல் மனைவியை எப்படிக் கூப்பிடுவது? நம் ஆட்கள் சித்தப்பாவின் மச்சினனுக்குக்கூட ஒரு முறை வைத்திருக்கிறார்கள். இதற்கு மட்டும் வைக்க மறந்துவிட்டார்கள். நீங்கள் என்னைவிடச் சில வயது மூத்தவர். அதனால் அக்கா. நீங்களும் உங்கள் பல் மருத்துவமனையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவர் சுகம். நானும் சுகம். படகும் சுகம். நீங்கள் முதலில் கேட்பது அதைத்தான் என்று எனக்குத் தெரியும்.

புறப்பட்ட அன்று துறைமுகத்துக்கு வந்து ஒரு டின் பிஸ்கட் கொடுத்து, "எப்படிப் போகுதுன்னு எழுதும்மா" என்றீர்கள். சரியென்று தலையாட்டினேன். எழுதுகிற எண்ணமே எனக்கு இல்லை. அடுத்த நிமிஷம் நீங்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, யாரையும் கேட்காமல் படகில் தாவி ஏறி, நான் கட்டியிருந்த முடிச்சை அவிழ்த்து வேறு மாதிரி கட்டிவிட்டு இறங்கினீர்கள். அவர் பார்த்துச் சிரித்தார். நீங்கள் அதை மறந்தே போயிருப்பீர்கள். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அவர் மாத்திரை கொடுத்தார்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், பேச ஆளில்லை. ஒருவர் விழித்திருந்தால் இன்னொருவர் தூங்க வேண்டும். புருஷன் பெண்டாட்டி என்பதைவிட, முறை மாற்றிக்கொள்கிற காவல்காரர்கள் என்று எங்களைச் சொல்லலாம். அவர் எழுந்த சூடு ஆறுவதற்குள் அதே படுக்கையில் நான் போய் விழுகிறேன். படகு சாய்ந்தால் உருண்டு விழாமல் இருக்கப் பக்கவாட்டில் துணியை இழுத்துக் கட்டிக்கொள்கிறேன். தொட்டிலில் கிடக்கிற குழந்தை மாதிரிதான். காலையில் தளத்துக்குப் போனால், பறக்கும் மீன்கள் நாலைந்து விழுந்து கிடக்கும். வீட்டு வாசலில் பால் பாக்கெட் எடுப்பது போல எடுத்துக்கொண்டு வருகிறேன். குளியல் கடல் தண்ணீரில். கடைசியில் ஒரே ஒரு குவளை நல்ல தண்ணீர், அதை முகத்துக்கா தலைக்கா என்று யோசிப்பதற்குள் காற்றே உலர்த்திவிடுகிறது. காய்கறியில் முட்டைக்கோஸும் வெங்காயமும் மட்டும் பாக்கி.

இதெல்லாம் உங்களுக்குப் புதிது இல்லை. அதுதான் என் கஷ்டமே. இந்தப் படகில் எனக்கென்று புதிதாக எதுவுமே இல்லை. அலமாரிகள் எல்லாம் உங்கள் உயரத்துக்கு அடித்தவை. உப்பு எடுக்க நான் ஒரு பெட்டியின் மேல் ஏற வேண்டியிருக்கிறது. கண்ணாடியில் எனக்கு நெற்றி மட்டும் தெரிகிறது. சமைக்கும்போது விழாமல் இருக்க இடுப்பில் மாட்டிக்கொள்கிற வாரில், தேய்ந்து பெரிதான ஓட்டை ஒன்று இருக்கிறது. என்ன மூச்சை இழுத்துப் பிடித்தாலும் அந்த ஓட்டை எனக்கு எட்டவில்லை. நான் தையல்காரி. ஒரு பெண் விட்டுப்போன சாமான்களை வைத்தே அவளுக்கு அளவெடுத்துவிடுவேன். எடுத்தும்விட்டேன், நிம்மதிதான் போயிற்று.

காற்றைப் பார்த்துத் தானாகவே சுக்கானைத் திருப்புகிற அந்தக் கருவிக்கு நீங்கள் 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருக்கிறீர்களாமே. வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் மரியாதை கொடுக்க வேண்டும் என்பதால் அந்தப் பெயராம். அவர் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார். "மாப்பிள்ளைக்கு இன்னைக்கு மூடு சரியில்லை" என்கிறார். நானும் ஒரு பெயர் வைத்துப் பார்த்தேன். அவர் வாயில் அது நிற்கவில்லை. என்ன பெயர் என்று கேட்காதீர்கள்.

அலை பெரிதாகிறது. அரிசி வேறு கொதிக்கிறது. நிறுத்துகிறேன்.

*

அதே கடிதம், ஒரு வாரத்துக்குப் பிறகு.

அக்கா, நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் சாட்டிலைட் போனின் அந்தப் பக்கத்தில் இருந்துதான் தெரியும். என் பக்கத்தில் எப்படி இருந்தது என்று சொல்கிறேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நான் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் கறுத்துக்கொண்டு வந்த மேகத்தை அவர் பார்த்தார். பாயைச் சுருக்கிவிடலாம் என்று மேலே போனார். அதற்குள் காற்று திசை மாறி, பாயின் அடியில் இருக்கிற அந்த நீளக் கட்டை ஒரே வீச்சில் இந்தப் பக்கம் வந்துவிட்டது. தலைக்குத் தப்பியது. தோளில் பட்டது. மேலே தளத்தில் அவர் விழுந்த சத்தம், அரிசி மூட்டையை இறக்கிப் போட்டது மாதிரி இருந்தது. காறையெலும்பு போயிற்று என்பது பார்த்தவுடனேயே தெரிந்தது.

எப்படி அவரைப் படியிறக்கினேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. மேலே முழுப் பாயும் விரித்தபடி நிற்கிறது. படகு ஒரு பக்கமாகப் படுத்துக்கொண்டு ஓடுகிறது. சுருக்குகிற கயிற்றை உடம்பைக் கொடுத்து இழுக்கிறேன், அசையவில்லை. கீழே போய் என்ன செய்வது என்று கேட்டேன். முகமெல்லாம் வெளுத்துப்போய்க் கிடந்தவர் என்ன சொன்னார் தெரியுமா?

"அவளுக்கு போன் போடு. இந்தப் படகு அவ கைக்குப் பழகினது."

அந்த நேரத்தில்கூட எனக்கு உயிர்ப்பயம் வருவதற்கு முன்னால் வயிற்றெரிச்சல்தான் வந்தது. போட மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். படகு இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. போட்டுவிட்டேன்.

நீங்கள் எடுத்தபோது பின்னால் பல் ராவுகிற மெஷின் சத்தம் கேட்டது. அவருக்கு அடிபட்டுவிட்டது என்று அழுதுகொண்டே சொன்னேன். எங்கே, எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை. காற்று எந்தப் பக்கம் என்று கேட்டீர்கள். இதென்ன பெண் என்று கோபம் வந்தது. கோபம் வந்ததும் அழுகை நின்றுவிட்டது.

"பாயில காத்து நிக்கிற வரைக்கும் அந்தக் கயிறு வராதும்மா. நீ இழுக்கிறதை நிறுத்து. முதல்ல பாயைப் பிடிச்சு வெச்சிருக்கிற கயிறை விட்டுடு. படபடன்னு அடிக்கும். சத்தம்தான் பெருசு, ஒண்ணும் ஆகாது."

விட்டேன். வானமே கிழிகிற மாதிரி அடித்தது. நீங்கள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லச் செய்தேன். அவ்வளவு நேரம் மல்லுக்கு நின்ற கயிறு, உங்கள் குரலைக் கேட்டதும் சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி கூடவே வந்தது. படகு நிமிர்ந்தது. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதற்கப்புறம்தான் அவரைப் பற்றிக் கேட்டீர்கள். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, வைக்கப்போகிற நேரத்தில், வேறு குரலில் ஒன்று கேட்டீர்கள்.

"இப்பவும் காலைல எழுந்ததும் விசிலடிப்பாரா?"

ஆமாம் என்றேன். அது பொய். அவர் விசிலடித்து நான் கேட்டதே இல்லை. உங்கள் மருத்துவமனையில் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். அந்த விசிலைப் பற்றி நீங்களும் யோசித்திருப்பீர்கள், நானும் யோசித்தேன்.

அதன் பிறகு படகு என் பொறுப்பு. பழைய படுக்கை விரிப்பில் அவர் கைக்குத் தூளி தைத்தேன். மாப்பிள்ளையை நம்பித் துண்டு துண்டாகத் தூங்கினேன். அவர் படுத்த இடத்திலிருந்தே காதால் படகு ஓட்டினார். "அந்தக் கயிறு தளர்ந்திருக்கு பாரு" என்பார். போய்ப் பார்த்தால் தளர்ந்திருக்கும். ஒரு நாள் அவர் சொல்வதற்கு முன்பே நான் எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

ஆனால் மறுநாள் காய்ச்சல் ஏறி, கண்ணைத் திறக்காமல், உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். முதல் தடவை நெற்றியில் ஈரத்துணி போட்டேன். இரண்டாம் தடவை, "ம்" என்றேன். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். குடித்துவிட்டு என் கையைப் பிடித்தபடியே தூங்கினார். அந்தப் பிடி யாருக்கானதோ, கை என்னவோ என்னுடையது. எடுத்துக்கொள்ளவும் மனசில்லை, வைத்துக்கொள்ளவும் மனசில்லை. சுக்கானைப் பார்க்க வேண்டியிருந்ததால் எடுத்துக்கொண்டேன்.

*

கரையிலிருந்து.

போக வேண்டிய தீவுக்கு வந்து சேர்ந்துவிட்டோம். படகைத் துறைக்குள் கொண்டுவந்து கட்டியது நான். ஒரு உரசல்கூட இல்லை. பக்கத்துப் படகுக்காரர் ஒருவர் கைதட்டினார். இதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு சேர இரண்டு மாதம் ஆகும், அதுவரை படகைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது என்று அவரிடம் சொல்லிவிட்டார். அவர் விமானத்தில் ஊருக்கு வருகிறார். புயல் காலம் வருவதற்குள் படகையும் கொண்டுவர வேண்டும். தனியாக என்னால் முடியாது. கூலிக்கு ஒரு மாலுமியைப் பேசிவிட்டதாகச் சொன்னார். ஆளையும் பார்த்தேன். நல்ல மனுஷர், பெரிய மீசை, குறை சொல்ல ஒன்றுமில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். அவர் ஒரு கையோடு அங்கே வந்து இறங்குவார். சட்டைப் பொத்தான் போட ஆள் வேண்டும். நீங்கள் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறீர்கள். நான் கடல் நடுவில் மீசைக்காரரோடு பாயைப் பிடித்துக்கொண்டு, ஊரில் யார் பொத்தான் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே இருந்தால், படகு எங்கே போய்ச் சேரும்? நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்து என்ன பிரயோஜனம்? அவருடைய அண்ணி வந்து பார்த்துக்கொள்ளட்டும். அவர்களிடம் பேசிவிட்டேன்.

நீங்கள் இங்கே வாருங்கள்.

வந்தால் நாம் சண்டை போடுவோம். சமைப்பதில் போடுவோம், முடிச்சில் போடுவோம், கட்டாயம் அவரை வைத்தும் போடுவோம். கோபித்துக்கொண்டு எழுந்து போக அங்கே இடம் கிடையாது. அதற்காகவும்தான் கூப்பிடுகிறேன். கரையில் நாம் இரண்டு பேரும் ரொம்ப மரியாதையாக இருந்துவிட்டோம். நீங்கள் ஏன் இந்தப் படகை விட்டு இறங்கினீர்கள் என்று அவரிடம் ஒரு தடவை கேட்டேன். அவளுக்குக் கடல் அலுத்துவிட்டது என்றார். ஒரு முடிச்சுக்காகச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தாவினவருக்குக் கடல் அலுத்திருக்காது. உண்மையை நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, காற்றைப் பற்றிச் சொல்லிக்கொடுங்கள்.

போனில் கேட்டிருக்கலாம். கேட்டால் அந்த நிமிஷமே பதில் சொல்லிவிடுவீர்கள். கொஞ்சம் யோசித்துச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். இங்கே மருத்துவமனையில் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருவர் நாளைக்கு அந்தப் பக்கம் விமானத்தில் வருகிறார். அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். நான் எழுதுவது வீட்டுக்காரருக்குத் தெரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்காதீர்கள். எந்தக் குறையும் இல்லாமல் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று மனசார வேண்டிக்கொள்கிறேன். கொஞ்சம் தள்ளி இருந்து நன்றாக இருங்கள் என்றுதான் இதுவரை வேண்டிக்கொண்டிருந்தேன்.

வாருங்கள் அக்கா. வர முடியாது என்றால், அதை அவரிடம் சொல்லாதீர்கள். என்னிடம் சொல்லுங்கள்.

உங்கள் பதிலுக்காகத் துறையில் காத்திருக்கும்,
தங்கை.