பத்தொன்பது கிலோ

மார்ச் 4, செவ்வாய்
ரிஷி அண்ணாவின் டிரஸ்ட் நடத்தும் கணினிப் படிப்பு உதவித்தொகைப் பரீட்சை. அதில் கேள்விகளைக் கண்காணிக்கும் வேலை எனக்கு! யூடியூப் பார்த்துப் படித்த எனக்கு! சரியாகச் செய்தால் அடுத்த கேள்வி கஷ்டமாக வரும், பிழைத்தால் லேசாக வரும். பிள்ளைக்கு ஏற்றபடி பரீட்சையே மாறுகிறது. என்ன அழகு! ஆனால் ஒரு கேள்வி முன்கூட்டியே வெளியே கசிந்தால் எல்லாம் பாழ். அதைப் பிடிப்பதுதான் என் வேலை.

மார்ச் 6, வியாழன்
பிடித்துவிட்டேன்!!
41ஆம் கேள்வி: ஒருவர் காலையில் 8, பகலில் 9, மாலையில் 5 கிலோ தேயிலைக் கொழுந்து நிறுத்தார். அன்று அவர் பெயரில் எத்தனை கிலோ பதிவாகும்? விடை 22. லுணுகலைப் பக்கத் தோட்டமொன்றின் பிள்ளைகள் 27 பேரும் 19 என்று அடித்திருக்கிறார்கள். எல்லோரும் பத்து செக்கனுக்குள். வேறெங்கும் ஒருவர்கூட 19 போடவில்லை. யாரோ பிழையான விடையை வாட்ஸப்பில் பரப்பியிருக்கிறார்கள்.
“சூப்பர் தங்கச்சி! இருபத்தேழு பேரையும் லிஸ்ட்ல இருந்து தூக்கியாச்சு, களவுன்னு வீடுகளுக்கு மெசேஜும் போட்டாச்சு” என்றார் ரிஷி அண்ணா.

மார்ச் 7
அந்த 27 பேரில் பிரஷாந்தினி என்றொரு பிள்ளை. மற்றக் கேள்விகளில் மாகாணத்திலேயே முதல். இவ்வளவு கெட்டிக்காரி எதுக்கு ஒரு கூட்டல் கணக்கைக் களவெடுக்கணும்? அதுவும் பிழையான விடையை?
குழம்புது.

மார்ச் 8
விண்ணப்பத்திலிருந்த நம்பருக்குக் கோல் எடுத்தேன். அவள் அம்மா, புஷ்பம்.
“புள்ள ரெண்டு நாளா ஒழுங்கா சாப்புடல. கள்ளின்னு மெசேஜ் போட்டீங்களே, என்னத்த களவெடுத்தா?”
கேள்வியை வாசித்தேன். முடிக்கக்கூட இல்லை —
“பத்தொம்பது.”
“எப்படிக்கா?”
“எப்புடியா? ஒவ்வொரு நிறுவைக்கும் சாக்குக்குன்னு ஒரு கிலோ கழிப்பாங்கல்ல. மூணு தடவ, மூணு கிலோ. நீ எந்த ஊரு?”
“பதுளை டவுன்.”
“கொழுந்த பாத்திருக்கியா, இல்ல தேயிலத்தூளு மட்டுந்தானா?”
எங்க கடையில தூள்தான் இருக்கு. மூட்ட மூட்டையா.

மார்ச் 9
“நீதானே உறுதியா சொன்ன? இப்ப மாத்த சொல்ற?” — ரிஷி அண்ணா.
ஆமா, நான்தான். எண்ணெல்லாம் சரியாத்தானே இருந்துச்சு? அப்ப எங்க பிழைச்சேன்?
ஒரு மணிநேரம் சண்டை. கடைசியில் இறங்கி வந்தார்: 41 நீக்கம். 27 பேருக்கும் மறுபரீட்சை, அடுத்த ஞாயிறு, ஹாலிஎலயில்.

மார்ச் 16, ஞாயிறு
26 பேர் வந்தார்கள்.
ஒன்பதரைக்குப் புஷ்பம் அக்காவுக்கு எடுத்தேன். “கள்ளின்னு சொன்ன எடத்துக்கு வரமாட்டாளாம். நானும் கெஞ்சி பாத்துட்டேன் புள்ள.”
ஜன்னலோர மேசையில் ஸ்க்ரீன் திறந்தே இருந்தது. ‘பிரஷாந்தினி, ஆரம்பிக்க இங்கே அழுத்தவும்.’
எல்லோரும் எழுதி முடித்துப் போன பிறகும் நான் அதை மூடவில்லை.