நீங்கள் மிளகாய்ச் செடிகளைக் கழுவிய நாள்

இன்று பிம்ப்ரியிலிருந்து பஸ்ஸில் வரும்போது பக்கத்து இருக்கைக்காரர் உள்ளங்கையில் புகையிலையைச் சுண்ணாம்போடு தேய்த்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நான் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டியும் உட்கார்ந்தே இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் உங்களோடு பேச வேண்டும் போலிருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. கம்பெனியில் இரும்புச் சட்டம் முதுகில் விழுந்து, இடுப்புக்குக் கீழே உங்களுக்கு உணர்வில்லாமல் போன மறு வருடம். நம் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து உங்களை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து விட்டுப் போனார்கள். நான் கட்கியில் ஒரு ஆபீசுக்கு டைப் அடிக்கப் போனேன். நான் கிளம்பிவிட்டால் சாயங்காலம் வரை உங்களுக்குக் கட்டிலும் சன்னலும்தான். சன்னலுக்கு வெளியே அடுத்த கட்டிடத்தின் சுவர்.

கட்டிலை ஒட்டிய சன்னல் திண்டில் டால்டா டப்பாக்களை வைத்து வற்றல் மிளகாய் விதையைத் தூவியது நான். விளையாட்டாகச் செய்தது. வளர்த்தது நீங்கள்தான். பூ விட்டதும் ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிவிடுவீர்கள். "தேனீ மூணு மாடி ஏறியா வரும்? நாமதான் தட்டிவிடணும்," என்பீர்கள். விபத்துக்குப் பிறகு நீங்கள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

சித்திரை வெயிலில் இலைகள் வெளுத்தன. ஊசியால் குத்தியது போல மஞ்சள் புள்ளிகள், இலைக்கு அடியில் மெல்லிய வலை. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டீர்கள்.

"இந்தா, இங்க பாரு. ஊருது."

சிவப்பாய், தூசியளவில் பேன்கள்.

"வீட்டுக்குள்ள காத்தும் இல்ல, மழையும் இல்ல. இதுகளுக்குக் கொண்டாட்டம்தான்."

கீழ்வீட்டு மராத்தி அம்மாளை நாம் காகு என்று கூப்பிடுவோம். அவர் புகையிலை கொடுத்து, ஊறவைத்துத் தெளிக்கச் சொன்னார். தெளித்தோம். அந்த ஒற்றை அறையில் சோற்றில்கூடப் புகையிலை வாடை வீசியது. பேன்கள் மட்டும் சாகவில்லை.

ஒரு நாள் காலையில் நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். நோய் பிடித்த டப்பாக்களைக் கட்டிலிலிருந்தபடியே ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கினீர்கள்.

"ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு ஒட்டிக்கிரும். நல்லதைத் தள்ளி வைக்கணும்."

பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னீர்கள். "நீயும் மதுரைக்குப் போயிரு. உங்க அண்ணன் வச்சுப் பாத்துக்குவாரு. உனக்கு இன்னும் முப்பதுகூட ஆகலை."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"படுத்துக்கிட்டு வேற என்ன செய்யிறேன்?"

சீப்பை வைத்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டேன். பஸ் முழுக்க அண்ணன் வீட்டு முற்றமும் அதில் அடிக்கிற வெயிலும்தான் மனசில் ஓடின. எந்த ரயில், எங்கே மாறுவது என்றுகூட யோசித்தேன்.

சாயங்காலம் கதவைத் திறந்தால் கட்டிலில் நீங்கள் இல்லை. குளியலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. தரையில் கைகளை ஊன்றி நகர்ந்து, டப்பாக்களை ஒவ்வொன்றாக முன்னால் தள்ளிக்கொண்டே போயிருக்கிறீர்கள். செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, மண் சரியாமல் விரல்களால் அணை கொடுத்து, இலைகளின் அடியில் தண்ணீரை வீசிக்கொண்டிருந்தீர்கள். முழுக்க நனைந்திருந்தீர்கள். குளியலறை வாசல் மேட்டைத் தாண்டித் திரும்ப முடியாமல் மத்தியானத்திலிருந்து அங்கேயே கிடந்திருக்கிறீர்கள்.

"காகுவைக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"கூப்பிட்டேன். யாருக்கும் கேக்கலை."

சொல்லிவிட்டு அழுதீர்கள். டாக்டர் இனி நடக்க முடியாது என்றபோதுகூட அழாத மனுஷன். புடவையோடு அந்த ஈரத்தில் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னும் எத்தனை செடி இருக்கு?"

"நாலு."

"பிடிங்க. நான் ஊத்துறேன்."

பேன் முட்டை பொரிந்து மறுபடி வரும் என்று சில நாளைக்கு ஒரு முறை கழுவினோம். பாதிக்கு மேல் பட்டுப்போயின. தப்பித்தவை ஆனி மாதத்தில் புதுத் தளிர் விட்டன. காய்த்ததும் நீங்களே பறித்து மோர்ச் சோற்றுக்குக் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, "என்னா உறைப்பு!" என்றீர்கள்.

மதுரைப் பேச்சை நீங்கள் மறுபடி எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. எண்பதுகளின் நடுவில் நீங்கள் கண்ணை மூடும்வரை அந்த அறையில்தான் இருந்தோம், அதே சுவரைப் பார்த்துக்கொண்டு. நான் தங்கியது பாசத்தாலா, வேறு வழியில்லாமலா என்று யாராவது கேட்டால் இரண்டும்தான் என்பேன். சில நாள் ஒன்று, சில நாள் மற்றது.

அன்று செடிகளை முடித்த பிறகு உங்களை என் இடது தோளில் சாய்த்துக்கொண்டு, மேட்டைத் தாண்டி, கட்டில்வரை இழுத்து வந்தேன். பாதி வழியில் காதுக்குப் பக்கத்தில் கேட்டீர்கள்: "வலிக்குதா?"

"இல்லங்க," என்றேன்.

வலித்தது. மழைக்காலத்தில் இப்போதும் அந்தத் தோள்தான் வலிக்கிறது. வயசானால் அப்படித்தான் என்கிறார் டாக்டர். நான் அவரை மறுத்துப் பேசுவதில்லை.